60 பேர், 66 சதுர மீட்டர்: கல்லூரி வகுப்பறையைப் புரட்டிப் போடும் வழி

வரிசையாக உட்காரும் வகுப்பறையை, வேண்டும்போது குழுவாகவும் உட்காரும்படி மாற்ற நினைத்தால், முதலில் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வகுப்பறைக்குள் போங்கள். நீளம், அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தூண் எங்கே உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஃபேன்கள் எங்கெங்கே தொங்குகின்றன, பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில், எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள். இணையத்தில் அழகான வகுப்பறைப் படம் தேடுவதெல்லாம் அப்புறம்.

நான் தலைகீழாகச் செய்தேன். ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். வட்ட மேஜை, கலர் நாற்காலி, சுவரெல்லாம் திரை என்று வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து, மாதிரிக்கு ஒரு வட்ட மேஜை செய்து வரச் சொன்னேன். வந்தது. அதை வைத்த இடத்தில் அதுவரை பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதைச் சுற்றி ஆறு பேர்தான் உட்கார முடிந்தது. மீதி ஆறு பேரை எங்கே வைப்பது என்று முதல்வர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த மேஜை இப்போது ஸ்டாஃப் ரூமில் இருக்கிறது, அதில்தான் டீ குடிக்கிறோம்.

வட்ட மேஜை யோசனை மோசமானது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களில் ஆரம்பித்த 'ஸ்கேல்-அப்' முறையில் 7 அடி விட்டமுள்ள மேஜை, அதைச் சுற்றி ஒன்பது பேர், அதற்குள் மூன்று மூன்று பேராக மூன்று குழு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யிலும் முதலாமாண்டு இயற்பியலுக்கு இதே பாணியில் அறை கட்டினார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த அறைகளில் இடம் தாராளம். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர், ஒரு பிரிவுக்கு 60 பேர். தலைக்கு 1.1 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சதுர அடி, இதில் ஆசிரியர் நிற்கும் இடமும் நடைபாதையும் அடக்கம். 11 மீட்டருக்கு 6 மீட்டர் அறையில் அந்த 7 அடி மேஜையை நாற்காலிகளோடு போட்டால் மூன்று நுழையும், கோணலாகப் போட்டு மல்லுக்கட்டினால் நான்கு. 36 பேர். மிச்சம் 24 பேர் வராண்டாவில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே நம் அறையில் எது நடக்குமோ அதைப் பார்ப்போம். ஒரு அறை வளைந்து கொடுக்கிறதா என்று பார்க்க எனக்கு இரண்டே கேள்விகள். ஒன்று, வரிசையில் இருக்கும் வகுப்பை இரண்டு நிமிடத்தில் குழுவாக்கி, பீரியட் முடிவதற்குள் பழையபடி வரிசையாக்க முடிகிறதா? இரண்டு, நான் எந்த மாணவனின் நோட்டையும் யாரையும் எழுப்பாமல் எட்டிப் பார்க்க முடிகிறதா? இந்த இரண்டும் இல்லாமல் எவ்வளவு செலவு பண்ணினாலும் அது கண்காட்சி அறைதான், கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வரும்போது பூட்டைத் திறந்து காட்டுவார்கள்.

நடைபாதையை முதலில் வரையுங்கள்

எல்லோரும் மேஜையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் நடைபாதையிலிருந்து ஆரம்பியுங்கள்.

6 மீட்டர் அகலத்தில் இரண்டு பேர் உட்காரும் 1.2 மீட்டர் மேஜை நான்கு போடலாம், அது 4.8 மீட்டர். மிச்சம் 1.2 மீட்டர். வழக்கமாக என்ன செய்கிறோம்? இடப்பக்கம் இரண்டு மேஜை சுவரோடு ஒட்டி, வலப்பக்கம் இரண்டு மேஜை சுவரோடு ஒட்டி, நடுவில் ராஜபாட்டை மாதிரி ஒரு பாதை. அதில் கம்பீரமாக நடக்கலாம், ஆனால் சுவரோரம் இருப்பவனுக்கும் நமக்கும் நடுவில் மூன்று பேர். அவன் நோட்டில் கணக்கு இருக்கிறதா, கவிதை இருக்கிறதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதே 1.2 மீட்டரை இரண்டாகப் பிரியுங்கள். சுவரோரம் ஒரு மேஜை, 60 சென்டிமீட்டர் பாதை, நடுவில் இரண்டு மேஜை, மறுபடி 60 சென்டிமீட்டர் பாதை, அந்தச் சுவரோரம் ஒரு மேஜை. ஒன்று, இரண்டு, ஒன்று. இப்போது எந்த மாணவருக்கும் பாதைக்கும் இடையில் அதிகபட்சம் ஒருவர்தான். ஒரு பைசா செலவில்லை. இதை மட்டும் செய்துவிட்டு வேறு எதையும் மாற்றாமல் ஒரு வாரம் வகுப்பெடுத்துப் பாருங்கள், கடைசி பெஞ்ச் என்ற இடமே பாதி காணாமல் போயிருக்கும், ஏனென்றால் கடைசி பெஞ்ச் என்பது உண்மையில் ஆசிரியரின் கால் போகாத இடம், அது சில வகுப்பில் இரண்டாவது வரிசையிலேயே ஜன்னலோரம் இருக்கும்.

60 சென்டிமீட்டர் பாதை ஒருவர் நடக்கப் போதும், சக்கர நாற்காலிக்குப் போதாது. அதற்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டும். ஆகவே கதவுக்குப் பக்கத்தில், முன் வரிசையில், ஒரு மேஜையிடத்தை எப்போதும் காலியாக விடுங்கள். இப்போது அப்படி மாணவர் யாரும் இல்லையே என்று சொல்வார்கள். சேர்ந்த பிறகு அறையை மாற்றுவதற்குள் அந்த செமஸ்டரே முடிந்துவிடும். தூண் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மேஜையை 1.1 மீட்டராகக் குறையுங்கள், பாதையைக் குறைக்காதீர்கள்.

பெஞ்சை அறுப்பது

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இருப்பது இரும்புக் குழாயில் டெஸ்க்கும் பெஞ்சும் ஒன்றாகச் சேர்த்து வெல்டிங் செய்த ஜோடி. உறுதியான சாமான், இருபது வருடம் உழைக்கும், ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவன் பின்னால் இருப்பவனிடம் பேச வேண்டுமென்றால் கழுத்து சுளுக்கும். புது மேஜை வாங்கப் பணம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இதை அறுத்துவிடலாம்.

பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆளைக் கூப்பிட்டு, டெஸ்க்கையும் பெஞ்சையும் இணைக்கும் கீழ்க்குழாயை அறுக்கச் சொன்னோம். முதல் ஜோடியை அறுத்ததும் ஒரு பையன் ஆசையாக பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தான், பெஞ்சோடு சேர்ந்து மல்லாந்தான். நல்லவேளை, அடி இல்லை. அப்போதுதான் புரிந்தது, சேர்ந்திருந்தவரை டெஸ்க்கின் எடைதான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பெஞ்சின் இரண்டு பக்கமும் காலுக்குக் கீழே பின்பக்கம் நீட்டி ஒரு ஜாண் அளவுக்குக் குழாய் வைத்து வெல்டிங் அடித்தோம், டெஸ்க்குக்கு முன்பக்கம் நீட்டி ஒன்று. அறுத்த முனைகளுக்கு மூடி போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் சுடிதார் கிழியும், கால் கிழியும். ஒரு வகுப்பு முழுக்க இப்படிப் பிரித்த செலவு, புது மேஜை நாற்காலி வாங்கும் செலவில் கால் பங்குகூட ஆகவில்லை.

நீள பெஞ்சைவிடத் தனித்தனி நாற்காலி நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கையோடு எழுதும் பலகை சேர்ந்த நாற்காலி மட்டும் வாங்காதீர்கள். நகர்த்த சுலபம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பலகையில் ஒரு லாங் சைஸ் நோட்டை விரிக்க முடியாது, நான்கு பேர் சேர்ந்தாலும் ஒரு தாளை நடுவில் வைக்க இடமிருக்காது, இடது கைக்காரர்கள் உடம்பை முறுக்கிக்கொண்டே மூன்று வருடம், நான்கு வருடம் எழுத வேண்டும். பத்தில் ஒருவர் இடது கைக்காரர், 60 பேரில் ஐந்தாறு பேராவது இருப்பார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த கணக்குக்கு வருகிறேன். மேஜையின் ஆழம் 45 சென்டிமீட்டர், நாற்காலிக்கும் உட்காருபவருக்கும் 65 சென்டிமீட்டர், ஆக ஒரு வரிசைக்கு 1.1 மீட்டர். எட்டு வரிசைக்கு 8.8 மீட்டர், முன்னால் பலகைக்கும் நமக்கும் 2.2 மீட்டர், மொத்தம் 11. வரிசைக்கு நான்கு மேஜை, எட்டு வரிசைக்கு 32, நமக்குத் தேவை 30. சரி, குழுவாக்க எவ்வளவு கூடுதல் இடம் வேண்டும்? சுத்தமாக வேண்டாம். முதல் வரிசை மேஜையை 65 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் வரிசை மேஜையோடு ஒட்டுங்கள், முதல் வரிசைக்காரர்கள் நாற்காலியை மேஜைக்கு முன்பக்கம் போட்டு எதிர்முகமாக உட்காரட்டும். முன்பு மேஜை, நாற்காலி, மேஜை, நாற்காலி என்று இருந்தது, இப்போது நாற்காலி, மேஜை, மேஜை, நாற்காலி. அதே 2.2 மீட்டர். 90 சென்டிமீட்டருக்கு 1.2 மீட்டர் மேஜை, நான்கு பேர், முகத்துக்கு முகம். ஒற்றைப்படை வரிசைகள் மட்டும் அசைந்தால் போதும், இரட்டைப்படைக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். பாதையும் அப்படியே இருக்கிறது.

இதைத் தாளில் போட்டுக் காட்டியபோதுதான் முதல்வர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

வகுப்பில் 36 பேருக்குள்தான் என்றால், முதுகலை வகுப்பு மாதிரி, அரை அறுகோண மேஜை செய்யலாம். நீளப் பக்கம் 120 சென்டிமீட்டர், மற்ற மூன்று பக்கமும் 60. இரண்டை ஒட்டினால் ஆறு பேருக்கு ஒரு அறுகோணம், பிரித்தால் வரிசை. அறுபது பேருக்கு இதை முயற்சி செய்யாதீர்கள், நெரிசலில் நடைபாதை செத்துவிடும்.

சக்கரம், ரப்பர் புஷ், மேடை

நாலு காலிலும் சக்கரம் வைத்த மேஜை பார்க்க ஜோராக இருக்கும். பிரேக் முதல் வருடத்திலேயே போய்விடும், அப்புறம் எழுத எழுத மேஜை மெல்ல மெல்ல நகர்ந்து போகும். சக்கரத்தில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு அது சுத்துவதும் நிற்கும். ஒரு பக்கத்து இரண்டு கால்களில் மட்டும் சக்கரம், எதிர்ப்பக்கம் ரப்பர் புஷ் என்று வையுங்கள். நகர்த்தும்போது ஒரு பக்கத்தைத் தூக்கித் தள்ளுவண்டி மாதிரி தள்ளலாம், கீழே வைத்தால் அசையாது. அறுத்த பழைய டெஸ்க்குக்குச் சக்கரமே வேண்டாம், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கினால் வந்துவிடும்.

ரப்பர் புஷ் சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் அறை இரண்டாவது மாடி. முதல் நாள் 15 மேஜையை ஒரே நேரத்தில் டைல்ஸ் தரையில் இழுத்தோம், கீழ் வகுப்பிலிருந்து ஆசிரியரே ஓடி வந்துவிட்டார், மேலே என்னமோ இடிந்து விழுகிறது என்று. அன்று சாயங்காலமே புஷ் வாங்கி மாட்டினோம். ஒரு மாதத்தில் பாதி கிழிந்தது, ஏனென்றால் குழாயின் அறுத்த விளிம்பு கத்தி மாதிரி உள்ளேயிருந்து ரப்பரை வெட்டுகிறது. இரண்டாவது தடவை புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு வாஷரைப் போட்டு மாட்டினோம், குழாய் வாஷர்மேல் நிற்கிறது, ரப்பர் தப்பிக்கிறது. இந்த ஒரு வாஷருக்காகவே நான் இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மேடை மரத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த அரை அடி உயரம் இருக்கும்வரை ஆசிரியர் அதிலிருந்து இறங்க மாட்டார், மாணவர் அதில் ஏற மாட்டார். கான்கிரீட்டில் என்றால் உடைக்கும் செலவையும் தூசியையும் யோசித்து முடிவு செய்யுங்கள். நாங்கள் உடைக்கவில்லை, ஆசிரியரின் பெரிய மேஜையை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு சின்ன ஸ்டாண்ட் வைத்தோம். வைக்க இடம் இல்லாததால் பலர் தானாகவே கீழே இறங்கி நடக்கிறார்கள்.

எழுதும் சுவர்

குழுவாக உட்கார்ந்ததும் பாதிப் பேருக்கு முன் பலகை முதுகுப்பக்கம் போய்விடும். இதற்குப் பின்சுவரில் இன்னொரு பலகை வேண்டும். அதோடு நிறுத்தாமல், ஜன்னல் இல்லாத நீளச் சுவர் முழுக்க எழுதும்படி செய்துவிட்டால் இந்த அறையின் ருசியே வேறு.

பணம் இருந்தால் கண்ணாடிப் பலகை. இல்லையென்றால் 8 அடிக்கு 4 அடி பளபளப்பான வெள்ளை மைக்காவை பிளைவுட்டில் ஒட்டி மாட்டுங்கள், மார்க்கரில் எழுதலாம். ஒரே நிபந்தனை, எழுதியதை அன்றன்றைக்கே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விட்டுவிட்டால் தழும்பு விழும். மார்க்கர் வாங்கிக் கட்டுப்படியாகாத கல்லூரி என்றால் சுவரிலேயே கரும்பலகை பெயின்ட், சாக்பீஸ். தூசி இருக்கும், ஆனால் செலவு கம்மி, மார்க்கர் காய்ந்துபோச்சு சார் என்ற புகாரும் இல்லை. பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடிக்கு மேல் போகக் கூடாது. நம் பலகைகளை ஆசிரியர் எழுத மாட்டுகிறார்கள், இதை மாணவர் எழுத மாட்டுங்கள்.

இது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அவர்கள் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை இருந்தது, ஆளுக்கொரு இடம். அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து என் வகுப்புக்கு வந்தார்கள், நாம் அவர்களை வரிசையில் உட்கார வைத்துக் கையைக் கட்டச் சொன்னோம். முதல் தடவை சுவரில் எழுதச் சொன்னபோது ஒரு பெண், "ரெண்டாங்கிளாஸ்ல எனக்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சு சார்" என்றாள்.

சத்தம், காற்று, கரண்ட்

15 குழு பேசினால் இரைச்சல் வரும். பேசாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் அறையில் ஒரு விஷச் சுழற்சி உண்டு: பக்கத்துக் குழுவின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று இந்தக் குழு குரலை உயர்த்தும், அதைக் கேட்டு அந்தக் குழு இன்னும் உயர்த்தும். 1911ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் கவனித்துச் சொன்னது இது, அவர் பெயரிலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். கத்தி அடக்க முயன்றால் நீங்களும் அந்தச் சுழற்சியில் சேர்ந்துகொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

தெர்மோகோல் ஒட்டுவது, முட்டை அட்டை ஒட்டுவது இரண்டும் வேண்டாம், அவை பேச்சொலியைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை, எரிந்தால் ஆபத்து வேறு. கனமான திரைத்துணி மடிப்பு மடிப்பாகப் பின்சுவரில், துணி போர்த்திய கண்ணாடிப் பஞ்சு அல்லது ராக்வூல் பலகைகள் கூரையிலோ சுவரின் மேல்பாதியிலோ, இவை பலன் தரும். தேங்காய் நாரில் செய்த தடிமனான பாய்ப்பலகையும் ஓரளவு உதவும், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சுலபம், ஸ்விட்ச் போர்டிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் பின்சுவர்.

ஃபேன். எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இது இருக்காது. சித்திரை வெயிலில் ஃபேன் காற்று படாத மேஜையில் யாரும் பேச மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள், பாட நோட்டால் விசிறிக்கொண்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தாளை வைத்துவிட்டு எல்லா ஃபேனையும் போட்டுப் பார்த்தேன், தாள் பறக்காத இடங்கள் ஏழு. அங்கே சுவர் ஃபேன் இரண்டு மாட்டியபிறகு சரியானது. கொக்கியை இடம் மாற்றுவது பெரிய வேலை, சுவர் ஃபேன் அரை நாள் வேலை.

கரண்ட் விஷயத்தில், தரையில் பிளக் பெட்டி பதிக்கச் சொல்வார்கள். நம் ஊரில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். வேண்டாம். சுவரில் இரண்டடி உயரத்தில் போதுமான பாயிண்ட், போனையும் லேப்டாப்பையும் சார்ஜ் செய்ய ஒரு மூலையில் பலகை, போதும்.

முதல் மாதம்

அறை தயார். இனிமேல்தான் தலைவலி.

முதல் நாள் வரிசையிலிருந்து குழுவாக மாற எங்களுக்கு ஒன்பது நிமிடம் ஆனது, 50 நிமிட பீரியடில். யார் எங்கே என்று தெரியாமல் எல்லோரும் எல்லா மேஜையையும் தூக்கினார்கள். அடுத்த வகுப்பில் பாடமே எடுக்கவில்லை, மூன்று தடவை மாற்றி மாற்றிப் பழகினோம், ஸ்டாப்வாட்ச் வைத்து. மேஜையைத் தூக்குபவர்கள் இருவர் யார், அவர்கள் தூக்கும்போது பைகள் எங்கே போகும் என்பதெல்லாம் முடிவானது. பை முக்கியம், நடைபாதையை அடைப்பது பைதான், மேஜைக்குக் கீழே கொக்கி வையுங்கள். நான்காவது வாரம் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு வந்துவிட்டது.

சத்தத்தை நிறுத்த நான் கையைத் தூக்குவேன், பார்ப்பவர்களும் தூக்க வேண்டும், கடைசிக் கை உயரும்போது அறை அமைதியாக இருக்கும். பள்ளிக்கூடத்தனமாக இருக்கிறது என்று முதலில் எனக்கே கூச்சம். வேலை செய்கிறது.

குழுவில் "டிஸ்கஸ் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐந்து நிமிடம் சினிமா பேசிவிட்டு ஒரு நிமிடம் பாடம் பேசுவார்கள், தப்பு அவர்கள்மேல் இல்லை. நான்கு பேருக்கு ஒரே தாள், ஒரே பேனா, முடிவில் சுவரில் எழுதும்படியான ஒரு விடை. நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். அணிகளில் ஐகன் மதிப்பு நடத்திய அன்று, முழுதாகச் செய்து முடித்த ஒரு கணக்கை அச்சடித்துக் கொடுத்தேன், ஒரு வரியில் மட்டும் தப்பு வைத்து. விடையில் ஐகன் மதிப்புகள் 1, 2, 5. தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் முதல் வரியிலிருந்து வரிவரியாகப் போட ஆரம்பித்தன. ஜன்னலோரக் குழுவில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பையன், அணியின் மூலைவிட்டத்தைக் கூட்டி 9 என்று தாளின் ஓரத்தில் எழுதி, 1, 2, 5 கூட்டினால் 8 என்று அதன் பக்கத்தில் எழுதி, தாளைத் திருப்பி மற்ற மூவருக்கும் நடுவில் தள்ளினான். ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும், இங்கே இல்லை. பேசவில்லை, தள்ளினான். இந்த மேஜையில் மட்டும்தான் அதைத் தள்ள முடியும்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முழு வகுப்பின் முன் எழுந்து ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொன்னால் அவர்கள் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார்கள். குழுவுக்குள் தமிழில் பேசுங்கள், சுவரில் பரீட்சை மொழியில் எழுதுங்கள் என்று விதி வைத்தேன். நான்கு பேரில் ஒருவருக்கு ஆங்கிலம் வரும், இன்னொருவருக்குக் கணக்கு வரும், கொடுக்கல் வாங்கல் நடந்துவிடும்.

பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது நம் கல்லூரிகளில் எழுதப்படாத சட்டம், சில இடங்களில் எழுதப்பட்டதே. முதல் நாளே கலந்து உட்காரச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் அவரவர் பிரியப்படி, அப்புறம் ரோல் நம்பர் படி குழு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றம். ரோல் நம்பர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது, நாம் வேண்டுமென்றே யாரையும் சேர்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நிர்வாகத்திடம் பேசப் போகும்போது கையில் ஒரு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள். 2014ல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறும் விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, செய்து கற்கும் வகுப்புகளைவிட ஒன்றரை மடங்கு. கரஸ்பாண்டன்ட்டுக்கு ஆய்வு பிடிக்காது, அரியர் என்ற வார்த்தை பிடிபடும், அந்த மொழியில் சொல்லுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை, அந்த ஆய்வு சொல்வது கற்பிக்கும் முறையைப் பற்றி. மேஜையை மாற்றிவிட்டு 50 நிமிடமும் பிபிடியையே ஓட்டினால் ஒன்றும் ஆகாது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

அடுத்த ஹவர் வரும் ஆசிரியர் உங்கள் எதிரி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் ஒரு வேலை. அவருக்கு வரிசைதான் வேண்டும், அது அவர் உரிமை. மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன்னால் அறை பழையபடி இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் நான் தாமதித்தேன், அவர் வாசலில் அட்டென்டன்ஸ் நோட்டோடு நின்றார், அன்று மதியமே ஹெச்.ஓ.டி. கூப்பிட்டனுப்பினார்.

தேர்வு இன்னொரு சிக்கல். எங்கள் மையத்தில் ஹாலுக்கு 25 பேர், மேஜைக்கு ஒருவர், நேர் வரிசை, இம்மி பிசகக் கூடாது. ஆகவே தரையில் புள்ளி வைத்தோம்: வரிசைக்கு மஞ்சள், குழுவுக்கு நீலம், தேர்வுக்கு வெள்ளை, ஒவ்வொரு மேஜையின் முன் இடது கால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு ரூபாய் நாணய அளவில். பியூன் அண்ணன் ஒருவரே காலையில் வந்து யாரையும் கேட்காமல் ஹாலைத் தயார் செய்துவிடுகிறார். எனாமல் பெயின்ட்டில் வையுங்கள், ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு வாரத்தில் உரித்துவிடுவார்கள். எனாமலும் மாப் போட்டுப் போட்டு ஏப்ரலுக்குள் மங்கிவிடும், லீவு முடிந்து திறப்பதற்குள் மறுபடி ஒரு கோட் அடித்துக்கொள்ளுங்கள்.